கல்யாணத்துக்குப் பின் எந்த ஆலயம்? கிருபை, விசுவாசம், கிரியை பற்றி மூன்று வீட்டுப் பேச்சு

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சம்பந்தம் பேசும்போது ஜாதகம் கேட்க மாட்டார்கள். வேலை, வீடு, எத்தனை பவுன் என்பதற்கெல்லாம் முன்னால் வந்து விழும் கேள்வி, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" ரோமன் கத்தோலிக்கரா, புரொட்டஸ்டண்டு வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையா என்று அர்த்தம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். அதற்குள்தான் எத்தனை வரப்பு! கோட்டாறு, குழித்துறை என இரண்டு லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டங்கள், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை, தக்கலையில் சீரோ மலபார் என்று கிழக்கு மரபுக் கத்தோலிக்கர், பழைய லண்டன் மிஷன் (எல்.எம்.எஸ்.) வழிவந்த சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பிரதரன், எண்ணி முடியாத பெந்தெகொஸ்தே சபைகள். ஞாயிறு காலை ஒரே இடவழியிலிருந்து நாலு ஆராதனைக்கு ஆள் போகும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெண் கத்தோலிக்கர். பையன் சி.எஸ்.ஐ. பையனின் அண்ணன் சில வருஷம் முன்பு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவன். கல்யாணம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எந்த ஆலயத்தில் குடும்பமாகச் சேர்வது என்பதில்தான் இழுபறி. அண்ணன் சொல்கிறான்: "தம்பி, அங்க கிரியையினால இரட்சிப்புன்னாக்கும் படிப்பிப்பாவ. நீ அங்க போனா கிருபையை விட்டு விழுந்துபோவ." பெண்ணின் சித்தி சொல்கிறாள்: "அவியளுக்கு விசுவாசிச்சா போதும் மக்களே, பிறகு என்ன அக்கிரமம் செய்தாலும் மோட்சம்." கிருபை என்றால் கடவுள் இலவசமாகத் தரும் தயவு, கிரியை என்றால் நாம் செய்யும் நற்செயல். இரண்டு பேரும் அடுத்த வீட்டுக் கொள்கையைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

நான் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவன், அம்மை வழி முழுக்கக் கத்தோலிக்கர். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: "விசுவாசமா, கிரியையா?" என்ற கேள்வியை வைத்து ஆலயம் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கேள்வியில் இவர்களுக்கிடையே உள்ள தூரம் நினைப்பதைவிடக் குறைவு. தூரம் இருப்பது வேறு இடங்களில்: விழுந்தவன் எப்படி எழுந்திருப்பது, இரட்சிப்பு உண்டென்று நிச்சயமாகத் தெரியுமா, செத்தவர்களுக்கு நாம் ஏதாவது செய்ய முடியுமா, பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம். ஒரு குடும்பம் ஐம்பது வருஷம் வாழப்போவது இந்த நாலோடுதான்.

திண்ணைப் பேச்சும் ஏட்டில் உள்ளதும்

முதலில் அண்ணனின் குற்றச்சாட்டு. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகி மோட்சம் போகலாம் என்று சொன்னவர் பெலாஜியுஸ். அவர் போதனையை 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் தள்ளிவிட்டது, அகுஸ்தீனார் அதற்கு எதிராக எழுதி எழுதியே கிருபையின் வேதபாரகர் என்று பேரெடுத்தார். 529-இல் ஆரஞ்சு சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசிக்கத் தொடங்கும் விருப்பம்கூடக் கிருபையால்தான் வருகிறது என்றது. புரொட்டஸ்டண்டுப் பிரிவைத் தொடங்கிவைத்த லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூட்டப்பட்ட கத்தோலிக்கத் திரெந்து சங்கமும் இதை மாற்றவில்லை. 1547 ஜனவரி 13-இல் அது வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் (கிருபைதான்) இல்லாமல் தன் செயல்களால் ஒருவன் கடவுளுக்கு ஏற்புடையவன் (புரொட்டஸ்டண்டு பேச்சில் நீதிமான்) ஆகலாம் என்பவனைத்தான் விலக்குகிறது. ஏற்புடையவன் ஆவதற்கு முன்னால் செய்யும் எதுவும், அது விசுவாசமே ஆனாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டினால் அண்ணன் நம்ப மாட்டான். நம் கத்தோலிக்கச் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்கும் இது புதுச் செய்தியாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்து சித்தியின் குற்றச்சாட்டு. லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530 அவுக்ஸ்பூர்க் அறிக்கையின் நாலாம் பிரிவு விசுவாசத்தினால் நீதிமானாவதைப் பேசுகிறது என்றால், ஆறாம் பிரிவு அந்த விசுவாசம் நற்கனி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அப்படி நீதிமானாக்கும் விசுவாசம் தனியாக வந்து நிற்பதில்லை என்பது இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் நிலை. புத்தகத்தை விடுங்கள்; நெய்யூருக்குப் போய்ப் பாருங்கள். விசுவாசம் மட்டும் போதும் என்று பிரசங்கித்த லண்டன் மிஷன்தான் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சேயை வைத்து அங்கே மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன தியோடர் சோமர்வெல் என்ற சர்ஜன் பிறகு வந்து பல வருஷம் அங்கேயே கத்தி பிடித்து நின்றார். நாகர்கோவிலில் 1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் சின்ன மருந்தகமாகத் தொடங்கியதுதான் இரட்சணிய சேனையின் காதரின் பூத் ஆஸ்பத்திரி. கிரியை வேண்டாம் என்றவர்கள் செய்கிற வேலையா இது?

மூன்றாவதாக ஒன்று நடந்தது, இரண்டு வீட்டிலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று, அதே அவுக்ஸ்பூர்க் நகரில், லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் புண்ணியத்தால் அல்லாமல் கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவை விசுவாசிப்பதில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்செயலுக்கு நம்மை அனுப்புகிறது என்பது அதன் சாரம். 2006-இல் உலக மெதடிஸ்டு மாமன்றம் சேர்ந்தது. 2016-இல் ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் அதன் சாரத்தை ஏற்றது. 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் விட்டன்பெர்க்கில் இணைந்தது. 1947 செப்டம்பர் 27-இல் பிறந்த சி.எஸ்.ஐ. மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், சீர்திருத்தம் ஆகிய இந்த மூன்று உலகச் சபைக் குடும்பங்களிலும் உறுப்பு. பையனின் சபையும் பெண்ணின் திருச்சபையும் உலக அளவில் இந்த ஒரு பாராவில் ஏற்கெனவே கைகுலுக்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாரும் சேரவில்லை. நாகர்கோவில் பக்கத்து லுத்தரன் சபையை வளர்த்தது மிசூரி சினட் என்ற அமெரிக்க லுத்தரன் அமைப்பு. அவர்கள் கையெழுத்துப் போடாமல் நின்றுகொண்டார்கள், அறிக்கை உண்மையான வேறுபாட்டைப் பூசி மெழுகுகிறது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

மிச்சம் இருக்கும் வேறுபாடு

புதிய ஏற்பாட்டில் பவுல், ரோமர் நிருபத்தில் "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறார் (3:28). யாக்கோபு "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறார் (2:24). இரண்டு பேரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆபிரகாமை. பவுல் பிடிப்பது ஆதியாகமம் 15: வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வாக்குத்தத்தத்தை நம்பிய இரவு. யாக்கோபு பிடிப்பது 22-ஆம் அதிகாரம்: ஈசாக்கோடு மலையேறிய நாள். முதலாவது நடந்து வெகுகாலம் கழித்துத்தான் இரண்டாவது. பவுலுக்கு எதிரே நிற்பவர்கள் விருத்தசேதனம் செய்யாதவனை உள்ளே விடமாட்டோம் என்கிறவர்கள். யாக்கோபுக்கு எதிரே நிற்பவர்கள், உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போ" என்று வாயால் ஆசீர்வதித்து அனுப்புகிறவர்கள். வியாதிக்குத் தக்க மருந்து எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். லூத்தருக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. தன் 1522 புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று எழுதிவிட்டார்.

மீதிப் பாதிச் சண்டை உண்மையானது. நம்மூர் ரப்பர்த் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு பெரிய மனுஷன் தன் தோட்டத்தை ஒருவனுக்கு இனாமாக எழுதிக் கொடுக்கிறார். புரொட்டஸ்டண்டு போதனையில் பத்திரம் பதிவான அன்றே எல்லாம் முடிந்தது. அவன் பால் வெட்டுவது சந்தோஷத்தில் வெட்டுவது, பத்திரத்தின் வலு அதனால் ஏறவும் இறங்கவும் செய்யாது. கத்தோலிக்கப் போதனையிலும் பத்திரம் இனாம்தான். ஆனால் அவன் வெட்டும் பாலும், அதுவும் எழுதிக் கொடுத்தவர் தந்த பலத்தால் வெட்டுவதே ஆனாலும், உண்மையாகவே அவன் கணக்கில் சேருகிறது, தோட்டம் வளர்கிறது. காட்டுத்தனமாக மரத்தை வெட்டிப் போட்டால் தோட்டம் போயும் போகும். நற்செயல் ஏற்புடைமையின் கனி மட்டுமே, அதை வளர்ப்பது அல்ல என்று சொல்வதைத் திரெந்தின் 24-ஆம் விதி மறுக்கிறது. அவை கடவுளின் கொடை, அதனாலேயே மனிதனின் பேறு, அதாவது புண்ணியம், ஆகாது என்று சொல்வதை 32-ஆம் விதி மறுக்கிறது. கத்தோலிக்கருக்குக் கொடை என்பதும் பேறு என்பதும் ஒன்றையொன்று வெட்டாது. புரொட்டஸ்டண்டுக்கு வெட்டும். இவ்வளவுதான் மிச்சம்.

கல்யாணப் பேச்சில் இதைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்காவது தூக்கம் கெடுமா என்றால், கெடாது. தூக்கம் கெடுக்கிறவை கீழே வருகின்றன.

விழுந்தவன் எழும் வழி

குடியைச் சொல்கிறேன், நம் மாவட்டத்தில் உதாரணத்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம். ஒருவன் குடியை விட்டேன் என்று சத்தியம் செய்து ஆறு மாதம் நின்று மறுபடி விழுகிறான். வீட்டில் அடி, கடன், அழுகை.

கத்தோலிக்கத்தில் இதற்குப் பேர் உண்டு: முழு அறிவோடும் சம்மதத்தோடும் கனமான காரியத்தில் விழுந்தால் சாவான பாவம், அருள் நிலை போய்விடுகிறது. திரும்பி வரும் வாசலும் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது: பாவசங்கீர்த்தனம். சாமியாரின் காதில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று ஒரு மனிதக் குரல் திரும்பச் சொல்லும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசையில் நிற்கிறவன் முகத்தையும் எழுந்து வரும்போது அவன் முகத்தையும் பார்த்தவர்களுக்கு இதை வெறும் சடங்கு என்று தள்ள மனம் வராது.

சி.எஸ்.ஐ. ஆராதனையில் பாவ அறிக்கை எல்லாரும் சேர்ந்து சொல்வது. போதகர் எழுந்து பாவமன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார். உன் பேர் சொல்ல மாட்டார். உன் பாவத்தை நீ நேரடியாகக் கடவுளிடம் கொண்டுபோ, நடுவில் யாரும் தேவையில்லை. இது பெரிய விடுதலை. தொடை நடுங்கிக்கொண்டு, சொன்ன பாவத்தைச் சரியாகச் சொன்னோமா, ஒன்றை விட்டுவிட்டோமா என்று மறுபடி மறுபடி எண்ணும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் காற்று தேவை. லூத்தரே துறவியாக இருந்தபோது அப்படிப்பட்ட ஆள்தான், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தவர். ஆனால் நம் குடிகாரனுக்கு? பொது அறிக்கையில் வாயசைத்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிட முடியும். அவனைத் தேடி வந்து கேட்கப் போதகருக்கு நேரம் இருக்க வேண்டும், ஒரு சேகரத்தில் எத்தனை நூறு குடும்பங்கள்!

இரட்சணிய சேனையும் அசெம்பிளீஸ் ஆப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகளும் இரட்சிப்பை இழக்க முடியும் என்றே போதிக்கின்றன. சேனையின் ஒன்பதாம் கோட்பாடு, இரட்சிப்பில் நிலைத்திருப்பது கிறிஸ்துவில் கீழ்ப்படிதலுள்ள விசுவாசம் தொடர்வதைப் பொறுத்தது என்கிறது. திரெந்து சங்கத்துப் பிதாக்கள் கேட்டால் தலையசைத்திருப்பார்கள்! சேனையில் சோல்ஜராக, அதாவது முழு உறுப்பினனாக, சேர்கிறவன் மதுவும் புகையிலையும் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். பெந்தெகொஸ்தே சபையில் விழுந்தவனைச் சுற்றி நாலுபேர் நின்று கை வைத்து ஜெபிப்பார்கள், மறுநாள் போன் வரும், அடுத்த நாள் வீட்டுக்கே வருவார்கள். குடிகாரனை மீட்டெடுப்பதில் நான் பார்த்தவரை முதல் இடம் இவர்களுக்குத்தான். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள், படட்டும்.

பிரதரன் சபைகளில் பெரும்பாலும் போதனை வேறு: ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் இழப்பதில்லை. அப்படியானால் மறுபடி குடிக்கிறவன்? அவன் முதலிலேயே உண்மையாக இரட்சிக்கப்படவில்லை என்பார்கள். விழுந்தவன் காதில் "இழந்துவிட்டாய்" என்பதும் "உனக்கு இருந்ததே இல்லை" என்பதும் எவ்வளவு தூரம் வேறாகக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது யூடியூபில் வரும் கிருபைச் செய்திக்காரர்கள் சிலர் மனந்திரும்புதல், பாவ அறிக்கை எதுவுமே இனி வேண்டாம் என்று பேசுகிறார்கள். சித்தியின் குற்றச்சாட்டு பொருந்துவதானால் அவர்களுக்குப் பொருந்தும்.

"நீ இரட்சிக்கப்பட்டாச்சா?"

பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுப்பவர் கேட்கும் கேள்வி. அண்ணனிடம் கேட்டால் தேதி சொல்வான், எந்தக் கன்வென்ஷன், யார் செய்தி, எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று வரை. பையனிடம் கேட்டால் விழிப்பான்: குழந்தையில் ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் ஐக்கியம் என்று வந்தவனுக்குத் தேதி எங்கே இருக்கும்? பெண்ணிடம் கேட்டால், "கடவுள் இரக்கத்துல நம்பிக்கை இருக்கு" என்பாள். அது நழுவல் பதில் அல்ல. சிறப்பு வெளிப்பாடு இல்லாமல் தன் முடிவு வரையிலான நிலைப்பைப் பற்றி யாரும் தவறமுடியாத நிச்சயம் கொண்டாட முடியாது என்பது திரெந்தின் போதனை. நம்பிக்கையோடு இரு, மார்தட்டாதே என்பது அதன் பொருள்.

இதில் என் மனம் சி.எஸ்.ஐ. பக்கம். மரணப் படுக்கையில் கிடக்கும் ஆளுக்கு "இரக்கம் கிடைக்கலாம்" என்பதைவிட "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் வசனத்தின் முடிந்துபோன தொனி ஆறுதல். ஆனால் அண்ணனின் தேதிக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். தொட்டிலிலிருந்தே ஜெபம் கேட்டு வளர்ந்த பிள்ளையைப் பிடித்து "உனக்கு அனுபவம் இல்லை" என்று உலுக்குவதில் கிருபை எங்கே இருக்கிறது? அனுபவத்தை வரவழைக்கப் படும் பாடும் ஒரு கிரியைதானே.

கல்லறையும் காணிக்கையும்

பெண்ணுக்கு அப்பா இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, அவர் பேரில் பூசை எழுதிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். பாட்டியிடம் எதற்கு என்று கேட்டால், "நம்ம விட்டா அவனுக்கு வேற யாரு கேப்பா மக்களே" என்பாள். சி.எஸ்.ஐ.க்கு வந்தால் இந்தப் பூசை கிடையாது. நன்றி ஆராதனை உண்டு, நினைவு ஜெபம் உண்டு, குடும்பத்துக்கு ஆறுதல் உண்டு. செத்தவரின் நிலையை நம் ஜெபம் மாற்றும் என்ற போதனை இல்லை, இறந்தவர் மோட்சம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிப்பு ஸ்தலமும் இல்லை. கிறிஸ்து முடித்ததோடு சேர்க்க ஒன்றுமில்லை என்பது அதன் தர்க்கம்.

உத்தரிப்பு என்பது தப்பிப் போனவனுக்கு இரண்டாம் வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; கத்தோலிக்கப் போதனையில் அருள் நிலையில் இறந்தவர்களுக்கு மட்டுமே அது, போய்ச் சேரும் இடம் மோட்சம்தான். 1517-இல் லூத்தரைக் கிளப்பிவிட்டது இதன்மேல் நடந்த பலன் வியாபாரம், அதாவது உத்தரிப்புத் தண்டனையைக் குறைக்கும் சலுகையைப் பணத்துக்குக் கொடுத்தது. 1567-இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் பணத்தோடு கட்டிய பலன்களை ரத்து செய்தார். இன்று பூசைக்குக் கொடுப்பது காணிக்கை, விலை அல்ல. வியாபாரத்தின் சாயல்கூட வரக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளில், உடல்கூடத் திரும்பாதவர்களுக்குத் தொடர்ந்து பூசை வைத்தார்கள். கடைசிப் பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில்பூசுதல் இல்லை, கல்லறை இல்லை. அந்த அம்மைமாருக்கு, இன்னும் நம்மால் ஏதோ செய்ய முடிகிறது என்பது எவ்வளவு பெரிய பிடிமானம்! என் மண்டை இறையியலில் அகப்படாத இடம் இது. பெண் சி.எஸ்.ஐ.க்கு வருவதானால், அவள் உண்மையில் இழக்கப் போவது பாப்பரசரையோ மாதா சுரூபத்தையோ விட இதைத்தான். பையன் வீட்டார் இதைப் பேசாமலே "என்ன பெரிய வித்தியாசம், எல்லாம் ஒரே இயேசு" என்று முடித்துவிடுகிறார்கள்.

காணிக்கை விஷயத்தில் யாரும் யாரையும் கைநீட்ட முடியாது. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்களைப் பார்த்து "கிரியை" என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். அதே ஆட்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாச்சக்கைக்குச் சந்தை விலையைப்போல் பத்து மடங்கு கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் பேர் வரும்போது நெஞ்சு நிமிர்வார்கள். பெந்தெகொஸ்தே சபையில் தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணி திறக்கும் என்பார்கள், திறக்கவில்லை என்றால் விசுவாசக் குறைவு. கிருபை மட்டும் என்று அதிகச் சத்தமாகச் சொல்லும் இடத்தில்தான், கம்மல் கழற்று, வளையல் கழற்று, பூ வைக்காதே, டிவி பார்க்காதே என்று பட்டியல் அதிகம் நீளும். பிடியரிசிக் கலயத்தில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துப் போடும் கிழவியை மட்டும் நான் எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டேன். அவள் மோட்சத்துக்கு முன்பணம் கட்டவில்லை. அரிசி போடுவாள், அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே சேர்வது?

மூன்று வழிகள் உண்டு.

பையன் கத்தோலிக்கத்துக்குப் போவதானால், மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் கொடுத்த சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் செல்லும் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. விசுவாச அறிக்கை செய்து, உறுதிபூசுதல் பெற்றுச் சேர்வான். அவன் மாறாமல் சி.எஸ்.ஐ.யாகவே இருந்து கட்டுவதும் நடக்கும். அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். பையன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அந்த வாக்கைப் பற்றி அவனுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கல்யாணம் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் என்றால் அதற்குத் தனி விலக்கு வாங்க வேண்டும். காலையில் இங்கே ஒரு சம்மதம், மாலையில் அங்கே ஒரு சம்மதம் என்று இரண்டு முறை கட்டுவது சட்டப்படி கூடாது. பெண் மலங்கரையோ மலபாரோ என்றால் கிழக்குத் திருச்சபைகளுக்குத் தனிச் சட்டத்தொகுப்பு, ஆனாலும் இந்த நிபந்தனை அங்கேயும் உண்டு. இரட்சணிய சேனைப் பையன் என்றால் கதை மாறும்: சேனையில் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, ஆகவே கத்தோலிக்கச் சட்டத்தின் கண்ணில் அவன் ஞானஸ்நானம் பெறாதவன், தேவைப்படுவது வேறு வகை விலக்கு. வாழ்நாள் முழுக்கக் கிறிஸ்தவனாக இருந்தவனுக்கு இது சுருக்கென்று குத்தும், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பெண் சி.எஸ்.ஐ.க்கு வருவதும் கிட்டத்தட்ட இதே எளிமை, மறுஞானஸ்நானம் இல்லை. இழப்பு எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

இருவரும் அண்ணனின் சபைக்குப் போவதானால் இருவருமே முழுக்கு எடுக்க வேண்டும். குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல என்று இருவரும் சொல்லியாக வேண்டும், இரண்டு பக்கத்து அம்மை அப்பனும் இருக்கும்போதே. இயேசுவின் நாமத்தில் மட்டும் முழுக்குக் கொடுக்கும் சபையானால், பிற்காலத்தில் பெண் திரும்பிவர நினைத்தாலும், அங்கே பெற்றதைக் கத்தோலிக்கத் திருச்சபை கணக்கில் எடுக்காது. குழந்தையில் பெற்றதுதான் செல்லும். மருந்து எடுப்பதை விசுவாசக் குறைவாகப் பார்க்கும் சபைகளும் உண்டு, பிள்ளை பெறப்போகும் பெண் இதைக் கேட்காமல் உள்ளே போகக்கூடாது.

என் தீர்ப்பு: கத்தோலிக்கமும் சி.எஸ்.ஐ.யும் என்றால், ஆத்துமா போய்விடும் என்ற பயத்தில் யாரும் யாரிடமும் மாற வேண்டாம். இரண்டு பேரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்பாமல் எழுந்து போகிறவர் யார் என்று பாருங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் வளருங்கள். பெண்ணுக்கு அப்பாவின் கல்லறை பெரிய காரியம் என்றால் கத்தோலிக்கமே இருக்கட்டும், பையன் தன் பைபிளோடு கூடப் போகட்டும். அவளுக்கு நிச்சயமின்மை நெஞ்சை அரிக்கிறது என்றால் சி.எஸ்.ஐ. அவளுக்கு நல்லது. அண்ணனின் சபையை முதல் வருஷத்தில் தொட வேண்டாம். வீட்டில் யாராவது குடியில் மூழ்கினால் மட்டும், கௌரவம் பார்க்காமல் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

பங்குத்தந்தையிடமும் போதகரிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள், இருவரும் சேர்ந்தே போய்: "எங்களில் ஒருவர் விழுந்துபோனால் இங்கே என்ன செய்வீர்கள்?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அதுவும் ஒரு பதில். அனுமதிக் கடிதம் பங்கிலிருந்து ஆயரகம் போய்த் திரும்ப நாள் பிடிக்கும், ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும்; ஆகவே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே இந்த நடையைத் தொடங்கிவிடுங்கள்.